கார்ல போன் கால் நல்லா கேக்குது, ப்ளூடூத்ல பாட்டு மட்டும் வரல, வந்தாலும் விட்டு விட்டு வருது: எங்க பாக்கணும்?

நீங்க சொன்னத ஒரு தடவ திருப்பிச் சொல்லிக்கறேன், படிக்கற மத்தவங்களுக்கும் புரியணும்ல. போன் கார் ஸ்டீரியோவோட தானா கனெக்ட் ஆகுது, கால் வந்தா கார் ஸ்பீக்கர்ல தெளிவா கேக்குது, ஆனா பாட்டு போட்டா சில நாள் சத்தமே வர்றதில்ல, வர்ற நாள்லயும் விட்டு விட்டு வருது, டிலீட் பண்ணிட்டு திரும்ப பேர் பண்ணா (போனையும் காரையும் புதுசா இணைச்சா) ரெண்டு நாள் நல்லா இருந்துட்டு மறுபடி அதே கதை. கால் ஒழுங்கா வர்றதால ப்ளூடூத்ல கோளாறு இருக்காது, ஸ்டீரியோதான் போயிடுச்சு போல, புது செட் வாங்கிடலாமான்னு கேக்கறீங்க.

இப்போதைக்கு வாங்காதீங்க. கால் வேலை செய்யுதுங்கறதால பாட்டும் வேலை செய்யணும்னு கட்டாயம் இல்ல. வெளில ப்ளூடூத்னு ஒரே பேர்தான், ஆனா உள்ள தனித்தனி ப்ரொஃபைல் ஓடுது. கால் பேச ஹெச்எஃப்பி, பாட்டு ஸ்டீரியோவா வர ஏ2டிபி, ஸ்டீரிங்ல இருக்கற நெக்ஸ்ட் பட்டனும் ஸ்கிரீன்ல வர்ற பாட்டு பேரும் ஏவிஆர்சிபி வழியா, காண்டாக்ட்ஸ் காருக்குள்ள இறங்கறது பிபிஏபி வழியா. ஒரே வீட்டுக்கு நாலு வாசல் இருக்கற மாதிரி, ஒண்ணு தொறந்திருக்கும்போதே இன்னொண்ணு பூட்டிக் கிடக்கலாம், பல போன் ஸ்கிரீன்ல ரெண்டுக்கும் சேத்து "கனெக்டட்"னு ஒரே வார்த்தைதான் வரும்.

அதோட கால் கேக்கற டேட்டாவும் ரொம்ப கம்மி. சாதாரண ப்ளூடூத் கால் வினாடிக்கு 64 கிலோபிட்ல முடிஞ்சிடும், அதுக்குன்னு நேரமும் தனியா ஒதுக்கி வச்சிருக்கும், நடுவுல கொஞ்சம் தொலைஞ்சாலும் பேச்சுல பெருசா தெரியாது. பாட்டு அப்படி இல்ல, ப்ளூடூத்ல பாட்டு வர்ற எல்லா கார்லயும் கட்டாயம் இருக்கற எஸ்பிசி கோடெக்லயே (கோடெக்னா பாட்ட சுருக்கி அனுப்பற முறை) நல்ல குவாலிட்டின்னா சுமார் 328 கிலோபிட் ஓடணும், ஒரு நொடி தடங்கினாக்கூட காது கண்டுபிடிச்சிடும். அதனால லிங்க் கொஞ்சம் வீக்கா இருந்தா முதல்ல அடி வாங்கறது பாட்டுதான், கால் பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும்.

யார் கேட்டாலும் நான் முதல்ல சொல்றது, டிலீட் பண்ணி திரும்ப பேர் பண்றத கடைசி வேலையா வைங்க. அது பண்ணா எல்லா செட்டிங்கும் ஒரே நேரத்துல புதுசாயிடும், எது கெட்டிருந்ததுன்னு தெரியாமலே போயிடும், ரெண்டு நாள் கழிச்சு அதே காரணம் திரும்ப வந்து நிக்கும். உங்களுக்கு நடந்திருக்கறதும் அதுதான்னு நினைக்கறேன். உடைஞ்ச இடம் எதுன்னு மொதல்ல கண்டுபிடிக்கணும்: போனா, ஆப்பா, காரா, நடுவுல இருக்கற காத்தா.

இதெல்லாம் வண்டிய நிறுத்தி வச்சுட்டு பண்ணுங்க, ஓட்டிக்கிட்டே வேண்டாம். பல கார்ல வண்டி நகர ஆரம்பிச்சா பேரிங் மெனுவே தொறக்காது, அது உங்க நல்லதுக்குத்தான். எஞ்சின் ஓட விட்டு டெஸ்ட் பண்றதா இருந்தா தொறந்த வெளில நிறுத்துங்க, மூடின இடத்துல வேண்டவே வேண்டாம்.

முதல் வேலை, மாத்தி மாத்தி பாக்கறது. வீட்ல இருக்கற வேற ஒரு போன உங்க கார்ல பேர் பண்ணி பாட்டு போடுங்க. அப்புறம் உங்க போன வேற ஏதாவது ப்ளூடூத் ஸ்பீக்கர்ல போட்டுப் பாருங்க. வேற போன் உங்க கார்ல நல்லா பாடுது, உங்க போன் வேற ஸ்பீக்கர்லயும் தடங்குதுன்னா பிரச்சனை போன்ல. உங்க போன் எல்லா இடத்துலயும் நல்லா பாடுது, எந்தப் போன் போட்டாலும் கார்ல தடங்குதுன்னா கார்ல. ரெண்டும் தனித்தனியா நல்லா இருந்து, சேந்தா மட்டும் சண்டைன்னா அது கோடெக் இல்லன்னா ஏவிஆர்சிபி வெர்ஷன் ஒத்துப்போகாத கேஸ், அதுக்கு கீழ வரேன். இந்த ஒரு டெஸ்ட் பண்ணாமலே செட் மாத்தறவங்க நிறைய பேர், காசு போனப்புறமும் பாட்டு அதே மாதிரி தடங்கும், ஏன்னா கோளாறு போன்ல இருக்கு.

சத்தமே வராத நாளுக்கு வருவோம். நீங்க "சில நாள்"னு சொன்னீங்க பாருங்க, அதுதான் எனக்கு பெரிய துப்பு. ஸ்பீக்கரோ ஆம்ப்ளிஃபையரோ போயிருந்தா ரேடியோவும் கேக்காது, கால் சத்தமும் கேக்காது. அந்த நாள்ல என்ன வித்தியாசம்னு யோசிங்க. கார்ல உங்க வீட்டுக்காரங்க போனும் இருந்துச்சா? பல ஸ்டீரியோ ஒரே நேரத்துல ரெண்டு போன வச்சுக்கும், ஒண்ணு காலுக்கு, ஒண்ணு பாட்டுக்கு. அவங்க போன் பாட்டு இடத்த பிடிச்சுக்கிச்சுன்னா உங்க போன் கால் மட்டும்னு உக்காந்திருக்கும், நீங்க ப்ளே அமுக்கினா சத்தம் கார்ல வராது, போன் ஸ்பீக்கர்லயே கேக்கும். கார் ஸ்கிரீன்ல டிவைஸ் லிஸ்ட்ட தொறந்து பாருங்க, பல செட்ல ஒவ்வொரு போன் பக்கத்துலயும் ஒரு டெலிபோன் ரிசீவர் படமும் ஒரு இசைக்குறி படமும் இருக்கும், உங்க போன் பக்கத்துல இசைக்குறி மங்கலா இருந்தா விஷயம் முடிஞ்சுது, அத அமுக்கினா போதும்.

போன் பக்கமும் இதே மாதிரி ஒரு சுவிட்ச் இருக்கு. ஆண்ட்ராய்ட்ல செட்டிங்ஸ், ப்ளூடூத், கார் பேருக்குப் பக்கத்துல இருக்கற சக்கரத்த தொட்டா கால்ஸ், மீடியா ஆடியோ, காண்டாக்ட் ஷேரிங்னு வரிசையா இருக்கும். மீடியா ஆடியோ ஆஃப்ல இருந்தா கால் மட்டும்தான் கார்ல வரும். ஆன்ல இருந்தாலும் ஒரு தடவ ஆஃப் பண்ணி அஞ்சு வினாடி விட்டு ஆன் பண்ணுங்க, ஏ2டிபி மட்டும் புதுசா கனெக்ட் ஆகும், முழுசா டிலீட் பண்ணாமலே. ஐபோன்ல இந்த சுவிட்ச் கிடையாது, அங்க கண்ட்ரோல் சென்டர்ல பாட்டு பெட்டில இருக்கற ஏர்ப்ளே குறிய தொட்டு கார் பேர தேர்ந்தெடுக்கணும்.

இயர்பட்ஸ், ப்ளூடூத் ஸ்பீக்கர் இதெல்லாம் கூட பாருங்க. பைக்குள்ள இருக்கற இயர்பட்ஸ் கேஸ் சரியா மூடாம இருந்தா, அது போனோட கனெக்ட் ஆகி பாட்டு மொத்தமும் அங்க ஓடிக்கிட்டு இருக்கும், கார்ல சத்தம் இல்ல. இதையெல்லாம் யாரும் சந்தேகப்படறதே இல்ல, ஆனா அடிக்கடி நடக்கறது.

கேபிள்ல சார்ஜ் போடறீங்களா? அது அடுத்த கேள்வி. கார் யூஎஸ்பில ஐபோன சொருகினா பல ஸ்டீரியோ அத யூஎஸ்பி சோர்ஸா எடுத்துக்கும், பாட்டு சத்தம் கேபிள் வழியா போகும், ஸ்கிரீன்ல நீங்க ப்ளூடூத் சோர்ஸ வச்சுக்கிட்டு காத்திருப்பீங்க. சோர்ஸ மாத்துங்க, இல்ல டேட்டா போகாத சார்ஜர் சாக்கெட்ல சொருகுங்க. சோர்ஸ்னு சொல்லும்போதே, ப்ளூடூத் கனெக்ட் ஆனாலும் ஸ்டீரியோ தானா எஃப்எம்லேந்து ப்ளூடூத் ஆடியோவுக்கு மாறும்னு இல்ல, ஆனா கால் வந்தா எந்த சோர்ஸ்ல இருந்தாலும் தானா மாறிடும், கால் மட்டும் கேக்கற மர்மம் பல சமயம் இவ்வளவுதான்.

போன்லயே வால்யூம் ரெண்டு இருக்குங்கறத மறந்துடாதீங்க. கால் வால்யூம் வேற, மீடியா வால்யூம் வேற, அதுக்கு மேல கார் வால்யூம் வேற. போன்ல மீடியா வால்யூம முக்காலுக்கு மேல வச்சுட்டு, மீதிய கார் குமிழ்ல கூட்டிக் குறைங்க. தலைகீழா போன்ல கம்மியா வச்சு கார்ல முழுசா ஏத்தினா இரைச்சலும் சேந்து ஏறும், ரேடியோவுக்கு மாறும்போது காதே போயிடும். சில சாம்சங் போன்ல மீடியா வால்யூம் சிங்க்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, மத்த ஆண்ட்ராய்ட்ல டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல டிஸேபிள் அப்சல்யூட் வால்யூம்னு இருக்கும் (அத எப்படி தொறக்கறதுன்னு கீழ கோடெக் பகுதில சொல்லியிருக்கேன்), கார் பட்டன அமுக்கினா சத்தம் தாறுமாறா குதிக்குது, இல்ல ரொம்ப மெதுவா வருதுன்னா இத மாத்திப் பாருங்க. ஐபோன்ல சத்தம் திடீர்னு தானா குறையுதுன்னா போன் உங்க கார ஹெட்போன்னு நினைச்சு காத காப்பாத்தறேன்னு குறைக்குது, ப்ளூடூத்ல கார் பேருக்குப் பக்கத்துல இருக்கற ஐ குறிய தொட்டு டிவைஸ் டைப்ப கார் ஸ்டீரியோன்னு மாத்துங்க, ஐஓஎஸ் 14.4லேந்து இது இருக்கு.

ஒரு விதிவிலக்கு, பழைய கார். 2000கள்ல வந்த நிறைய கார்ல ப்ளூடூத் இருக்கும் ஆனா காலுக்கு மட்டும், ஏ2டிபியே கிடையாது. உங்களுக்கு சில நாளாவது பாட்டு வருதுங்கறதால உங்க கார் அந்த ரகம் இல்ல. ஒரு நாள் கூட வந்ததில்லன்னு சொல்றவங்க மட்டும் கார் கையேட்டுல ஆடியோ ஸ்ட்ரீமிங் இருக்கான்னு மொதல்ல பாருங்க, இல்லன்னா எந்த செட்டிங்கும் உதவாது.

இப்ப விட்டு விட்டு வர்ற விஷயம். இதுதான் பெரிய ஏரியா, இங்கதான் எல்லாரும் குழம்பறாங்க, ஏன்னா "கட் ஆகுது"ங்கற ஒரே வார்த்தைக்குள்ள மூணு வேற வேற கோளாறு ஒளிஞ்சிருக்கு. வண்டி நின்னுக்கிட்டு இருக்கும்போது, சத்தம் கட் ஆகற அந்த நொடில போன் ஸ்கிரீன்ல ஓடற நிமிஷக் கணக்க மட்டும் பாருங்க.

நிமிஷம் ஓடிக்கிட்டே இருக்கு, சத்தம் மட்டும் விழுந்து விழுந்து வருது, திரும்ப வரும்போது பாட்டுல ரெண்டு வார்த்த காணோம்: இது ப்ளூடூத் லிங்க் பிரச்சனை. போன் அனுப்பறது காருக்கு நேரத்துக்கு போய்ச் சேரல, தூக்கிப் போட்டுட்டு அடுத்தத அனுப்புது.

நிமிஷம் நின்னுடுது, சுத்தற வட்டம் வருது, அப்புறம் விட்ட இடத்துலேந்தே தொடருது: இது நெட் பிரச்சனை. ப்ளூடூத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, பாட்ட டவுன்லோட் பண்ணி வச்சா போயிடும். டவர் மாறற இடம், சுரங்கப்பாதை, சிக்னல் மெலிஞ்ச ரோடு, இங்கல்லாம் வர்றது பெரும்பாலும் இதுதான்.

நிமிஷம் நின்னு பாஸ் குறி வந்துடுது, ப்ளே அமுக்கினாத்தான் ஓடுது: இங்க யாரோ பாஸ் பண்ணச் சொல்லியிருக்காங்க. அந்த யாரோ ஒரு ஆப்பா இருக்கலாம், காரா இருக்கலாம். மெசேஜ் படிச்சு காட்டற வசதி, வாய்ஸ் அசிஸ்டன்ட், மேப் குரல், ஒரு வீடியோ விளம்பரம், எதுவா இருந்தாலும் ஆடியோவ பிடுங்கிட்டு திருப்பிக் கொடுக்காம போயிடும். ஆப்பே மூடிப் போய் நோட்டிஃபிகேஷன்லயும் பாட்டு காணோம்னா போன் அத பேக்கிரவுண்ட்ல கொன்னிருக்கு, ஷாவ்மி, ஓப்போ, விவோ மாதிரி போன்ல பேட்டரி மிச்சப்படுத்தறேன்னு இது ரொம்ப நடக்கும். பாட்டு ஆப்போட பேட்டரி செட்டிங்ல போய் கட்டுப்பாடு இல்லன்னு வைங்க, ஆட்டோ ஸ்டார்ட்ட அனுமதிங்க, பேட்டரி சேவர ஆஃப் பண்ணிட்டு ஒரு நாள் பாருங்க.

முதல் ரகம், அதாவது லிங்க் பிரச்சனைன்னு தெரிஞ்சுதுன்னா எனக்கு ரொம்ப பிடிச்ச ஒரு டெஸ்ட் இருக்கு. நாலஞ்சு பாட்டு போன்லயே டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க. ஃப்ளைட் மோட் போடுங்க, வைஃபை ஆஃப்ல இருக்கணும், ப்ளூடூத்த மட்டும் ஆன் பண்ணுங்க, வாட்ச் இருந்தா கழட்டி ஆஃப் பண்ணுங்க. போன டேஷ்போர்ட்ல கண்ணுக்கு எதிரா வச்சு பாட்டு போடுங்க. இப்ப நெட் இல்ல, வைஃபை இல்ல, நோட்டிஃபிகேஷன் இல்ல, நடுவுல உடம்பும் இல்ல. கால் மணி நேரம் தடங்காம ஓடுச்சுன்னா காரும் போனும் நல்லா இருக்கு, சுத்தி இருக்கறது ஏதோ ஒண்ணுதான் கெடுக்குது. ஒண்ணொண்ணா திரும்ப ஆன் பண்ணிக்கிட்டே வாங்க: மொபைல் டேட்டா, வைஃபை, வாட்ச், சார்ஜர், பாக்கெட். எதுல தடங்க ஆரம்பிக்குதோ அதான் ஆள். ஃப்ளைட் மோட்லயும் தடங்குதுன்னா நேரா கோடெக்குக்கு போயிடுங்க.

ஏன் இவ்வளவு பேர் மேல சந்தேகம்னா, ப்ளூடூத் ஓடறது 2.4 ஜிகாஹெர்ட்ஸ்ல, அதே இடத்துலதான் நிறைய வைஃபையும் ஓடுது. ப்ளூடூத் 79 சேனலுக்குள்ள வினாடிக்கு 1600 தடவ தாவிக்கிட்டே இருக்கும், எந்த சேனல் இரைச்சலா இருக்கோ அத ஒதுக்கிட்டு மத்ததுல தாவும், அதனாலதான் நெரிசல்லயும் தாக்குப் பிடிக்குது. ஆனா கார் ஒரு சின்ன பெட்டி. அதுக்குள்ள வைஃபை வச்ச டேஷ்கேம், ஹாட்ஸ்பாட் போட்ட போன், பின் சீட்ல டேப்லெட்னு எல்லாம் 2.4லயே கத்தினா தாவ இடம் இருக்காது. ஹாட்ஸ்பாட்ட 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாத்துங்க, டேஷ்கேம் வைஃபைய தேவைப்படும்போது மட்டும் ஆன் பண்ணுங்க. உங்க போனே வீட்டு வைஃபைய தேடிக்கிட்டு இருக்கறதும் தொந்தரவு, பல போன்கள்ல ரெண்டுக்கும் ஒரே ஆன்டெனாதான், வீட்டு வாசல்லேந்து கிளம்பற முதல் ரெண்டு நிமிஷம் மட்டும் தடங்கி அப்புறம் சரியாகுதுன்னா இதுதான் காரணமா இருக்கும், கிளம்பறதுக்கு முன்னாடி வைஃபைய ஆஃப் பண்ணிப் பாருங்க.

மட்டமான சார்ஜரும் இரைச்சல் கிளப்பும். யூஎஸ்பி 3 சாதனங்களும் கேபிளும் 2.4 பக்கம் இரைச்சல் விடும்னு இன்டெல்லே 2012ல ஒரு தொழில்நுட்பக் கட்டுரைல காட்டியிருக்கு, அதனால ஸ்டீரியோவோட யூஎஸ்பி ஓட்டைல பென் டிரைவ் சொருகி இருந்தா அத எடுத்துட்டும் ஒரு தடவ பாருங்க.

உடம்பும் ஒரு சுவர்தான். நம்ம உடம்புல பெரும்பகுதி தண்ணி, 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அத ஊடுருவ திணறும். பின் பாக்கெட்ல போன வச்சு அது மேல உக்காந்தா ஸ்டீரியோவுக்கும் போனுக்கும் நடுவுல நீங்கதான் இருக்கீங்க. போன்ல இருக்கற ப்ளூடூத்தோட பவர் ரொம்ப கம்மி, 10 மீட்டர்னு சொல்றது தொறந்த வெளி கணக்கு. பாக்கெட்ல இருக்கும்போது மட்டும் தடங்குதுன்னா வேற எதையும் நோண்டாதீங்க, போன முன்னாடி வைங்க, முடிஞ்சுது.

கோடெக்குக்கு வரேன். இது ஆண்ட்ராய்ட்காரங்களுக்கு மட்டும், ஐபோன் எஸ்பிசி, ஏஏசி ரெண்டுல ஒண்ண தானே பேசி முடிவு பண்ணிக்கும், நமக்கு கைவைக்க இடம் இல்ல. ஆண்ட்ராய்ட்ல அபவுட் போன் போய் பில்ட் நம்பர 7 தடவ தொட்டா டெவலப்பர் ஆப்ஷன்ஸ் தொறக்கும். கார் கனெக்ட் ஆகி பாட்டு ஓடும்போதே உள்ள போய் ப்ளூடூத் ஆடியோ கோடெக் பாருங்க. எல்டாக் 990 கிலோபிட் வரைக்கும் கேக்கும், கார்ல இரைச்சல் இருந்தா அது தாங்காது. ஏஏசி பேப்பர்ல நல்லது, ஆனா ஆண்ட்ராய்ட்ல அத போனுக்கு போன் வேற மாதிரி பண்ணியிருக்காங்க. எஸ்பிசிக்கு மாத்திட்டு கேளுங்க. குவாலிட்டி போயிடுமேன்னு கவலைப்படறவங்களுக்கு சொல்றேன், டயர் சத்தம், காத்து சத்தம், ஏசி சத்தம் நடுவுல ஓடற வண்டில எஸ்பிசிக்கும் மத்ததுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கறது ரொம்ப கஷ்டம், தடங்காத எஸ்பிசி தடங்கற எல்டாக்க விட ஆயிரம் மடங்கு மேல். சில போன்ல ரீஸ்டார்ட் பண்ணா இந்த செட்டிங் பழையபடி போயிடும், கார் பேருக்குள்ள ஹெச்டி ஆடியோன்னு இருக்கறத ஆஃப் பண்ணா அது அப்படியே நிக்கும்.

ப்ளூடூத் 5.3 போன் வாங்கினா கார்ல பாட்டு தெளிவாயிடும்னு கடையில சொன்னா நம்பாதீங்க. 5க்கு அப்புறம் வந்த வேகம், தூரம் எல்லாம் லோ எனர்ஜிங்கற, கம்மி கரண்ட்ல ஓடற தனி ப்ளூடூத் பக்கம். கார்ல பாட்டு ஓடறது இன்னும் பழைய கிளாசிக் பக்கம்தான். லோ எனர்ஜி வழியாவே பாட்டு அனுப்பற எல்இ ஆடியோன்னு புதுசு 2020லயே அறிவிச்சாச்சு, ஆனா போன், கார் ரெண்டும் அத ஆதரிச்சாத்தான் பலன், இப்ப ரோட்ல ஓடற பெரும்பாலான கார்ல அது இல்ல.

பாட்டு வருது ஆனா போன்ல பேசற மாதிரி டப்பா சத்தமா வருதுன்னா அது தனி கேஸ். ஏதோ ஒரு ஆப் மைக்க தொறந்து வச்சிருக்கு, உடனே போன் பாட்ட கால் வழிக்கு மாத்திடுது, அங்க ஒரே சேனல்ல வர்ற மோனோ சத்தம், சாம்பிளிங் (சத்தத்த பதியற வேகம்) 8 இல்லன்னா 16 கிலோஹெர்ட்ஸ்தான். வாய்ஸ் சாட், கேம், குரல் பதிவு ஆப், இதெல்லாம் மூடுங்க. மேப்ல குரல ப்ளூடூத் கால் மாதிரி ஒலிக்க வைக்கற ஆப்ஷன் ஆன்ல இருந்தாலும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் பாட்டு நின்னு கால் ஸ்கிரீன் வந்துட்டுப் போகும், அத ஆஃப் பண்ணுங்க. ஆனா எஃப்எம் கேட்டுக்கிட்டே வழி கேக்கணும்னு நினைக்கறவங்களுக்கு அதே ஆப்ஷன்தான் வரம், அதனால அது யாருக்கும் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். மேப் குரல்ல முதல் வார்த்த மட்டும் முழுங்கப்பட்டு "...மீட்டரில் இடது பக்கம்"னு வர்றது, பாட்டு ஓடாத நேரத்துல ஏ2டிபி தூங்கி எழுந்துக்க எடுக்கற அரை நொடியால, கோளாறு இல்ல.

பாட்டு பேர் மாறாம பழையதே நிக்குது, நெக்ஸ்ட் அமுக்கினா வேலை செய்யலன்னா டெவலப்பர் ஆப்ஷன்ஸ்லயே ஏவிஆர்சிபி வெர்ஷன ஒரு படி கீழ இறக்கி, ப்ளூடூத்த ஆஃப் ஆன் பண்ணிப் பாருங்க. 1.3ல பாட்டு பேர், 1.4ல லிஸ்ட்ட புரட்டறது, 1.6ல ஆல்பம் படம்னு படிப்படியா வந்தது, பழைய ஸ்டீரியோவுக்கு புது வெர்ஷன் பேசினா திணறும்.

பழைய ஸ்டீரியோவ திணறடிக்கற இன்னொண்ணு காண்டாக்ட்ஸ். ஆயிரக்கணக்குல நம்பர் வச்சிருக்கற போன் ஒவ்வொரு தடவ கனெக்ட் ஆகும்போதும் மொத்தத்தையும் காருக்கு இறக்கும், அந்த சில நிமிஷம் பாட்டு தடங்கும், சில செட் அப்படியே உறைஞ்சு போகும். வண்டி கிளப்பின புதுசுல மட்டும் தொல்லைன்னா காண்டாக்ட் ஷேரிங்க ஆஃப் பண்ணிட்டு ஒரு வாரம் ஓட்டுங்க. ஸ்கிரீன்ல பேர் வராது, நம்பர்தான் வரும், அது பரவால்லையான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

உங்க கார்ல வயர்லெஸ் ஆண்ட்ராய்ட் ஆட்டோவோ கார்ப்ளேவோ இருந்தா மேல சொன்ன கோடெக் கதை பொருந்தாது. அங்க ப்ளூடூத் ஆரம்பத்துல கை குலுக்க மட்டும், அப்புறம் பாட்டு வைஃபை வழியாத்தான் போகும். அதனால அங்க வைஃபைய ஆஃப் பண்ணக் கூடாது, தடங்கினா மொதல்ல போன்ல இருக்கற விபிஎன், ஹாட்ஸ்பாட் ரெண்டையும் நிறுத்திப் பாருங்க, அப்புறம் கேபிள்ல சொருகிப் பாருங்க, கேபிள்ல நல்லா ஓடுச்சுன்னா கோளாறு வைஃபை பக்கம்.

இவ்வளவுக்கு அப்புறமும் நிக்கலன்னா திரும்ப பேர் பண்ணலாம், ஆனா முழுசா பண்ணணும். பெரும்பாலானவங்க போன்ல மட்டும் ஃபர்கெட் குடுத்துட்டு திரும்ப கனெக்ட் பண்றாங்க, கார்ல பழைய பதிவு அப்படியே கிடக்கும். போன்ல ஃபர்கெட், கார்ல டிலீட், ரெண்டும் பண்ணுங்க. கார் லிஸ்ட்ல வித்துட்டுப் போன பழைய போன், எப்பவோ வந்த விருந்தாளி போன் எல்லாம் இருக்கும், அதையும் அழிங்க, பல செட் அஞ்சு முதல் பத்து போன் வரைக்கும்தான் ஞாபகம் வச்சுக்கும், நிரம்பிட்டா குழம்பும். அடுத்து போன ரீஸ்டார்ட் பண்ணுங்க, ஸ்டீரியோவையும் ரீஸ்டார்ட் பண்ணுங்க. சாவிய ஆஃப் பண்ணா ஸ்டீரியோ உடனே அணையறதில்ல, பல கார்ல ஸ்கிரீன் இருட்டானாலும் உள்ள கொஞ்ச நேரம் உயிரோட இருக்கும். பவர் பட்டன பத்து பதினஞ்சு வினாடி விடாம அமுக்கிப் பிடிச்சா பல மாடல் முழுசா ரீஸ்டார்ட் ஆகும், இல்லன்னா வண்டிய பூட்டிட்டு அரை மணி நேரம் விட்டுடுங்க. பேட்டரி வயர கழட்டற வேலைக்கு அவசரப்பட்டு போகாதீங்க, சில கார்ல ரேடியோவுக்கு கோட் நம்பர் கேக்கும், பவர் விண்டோ செட்டிங்கும் போயிடும். அப்புறம் பேர் பண்ணும்போது போன் ஸ்கிரீன்ல வர்ற அனுமதி எல்லாத்தையும் படிச்சு குடுங்க. ஸ்டீரியோ சாஃப்ட்வேர் அப்டேட் இருக்கான்னு கம்பெனி தளத்துல பாருங்க, போன் அப்டேட் ஆன மறுநாளே கெட்டுப்போச்சுன்னா அடுத்த போன் அப்டேட்ல சரியாக நல்ல வாய்ப்பு இருக்கு, அதுக்காக காசு செலவு பண்ணாதீங்க.

உங்க விஷயத்துல என் கணிப்பு ரெண்டு தனிக் கோளாறு. சத்தமே இல்லாத நாள், வீட்ல இன்னொரு போனோ இயர்பட்ஸோ பாட்டு இடத்த பிடிச்சுக்குது. தடங்கற நாள், கோடெக் இல்லன்னா போன் இருக்கற இடம். புதுசா பேர் பண்ணா உங்க போன் பட்டியல்ல முதல் இடத்துக்கு வந்துடும், அதான் ரெண்டு நாள் நல்லா இருக்கு, அப்புறம் அவங்க போன் முந்திக்குது. பல கார்ல முன்னுரிமை போன்னு ஒரு செட்டிங் இருக்கும், அதுல உங்க போன வைங்க, இல்லன்னா அவங்க போன்ல உங்க காருக்கான மீடியா ஆடியோவ மட்டும் ஆஃப் பண்ணி கால விட்டு வைங்க.

எல்லாம் பண்ணி, வேற போன்கள் போட்டும் கார்தான் தடங்குதுன்னு உறுதியானா, அப்பவும் முழு செட்ட மாத்தறதுக்கு முன்னாடி ஆக்ஸ் ஓட்டை (ஹெட்போன் பின் மாதிரி கேபிள் சொருகற இடம்) இருக்கான்னு பாருங்க. இருந்தா அதுல சொருகற சின்ன ப்ளூடூத் ரிசீவர் வாங்கினா போதும், கால கார் ப்ளூடூத்லயே விட்டுட்டு பாட்ட மட்டும் ரிசீவருக்கு குடுக்கலாம். அது சார்ஜர்லேந்து கரண்ட் எடுத்துக்கிட்டே ஆக்ஸ்ல இருக்கும்போது, ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஏறி இறங்கற ஒரு கீச்சு சத்தம் வந்தா பயப்பட வேண்டாம், அது கிரவுண்ட் லூப், அதாவது சார்ஜர், ஆக்ஸ்னு ரெண்டு வழியா எர்த் சேர்றதால வர்ற இரைச்சல், ஆக்ஸ் கேபிள் நடுவுல ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போட்டா அடங்கிடும். பாட்ட எஃப்எம் அலையா மாத்தி கார் ரேடியோவுக்கு அனுப்பற எஃப்எம் டிரான்ஸ்மிட்டர நான் கடைசியாத்தான் சொல்வேன், பக்கத்து ஸ்டேஷன் எல்லாம் மேல ஏறும், ஊர் மாற மாற அலைவரிசைய மாத்திக்கிட்டே இருக்கணும். ஆக்ஸும் இல்ல, டேட்டா போற யூஎஸ்பியும் இல்லன்னா மட்டும் அதுக்குப் போங்க.

நிமிஷக் கணக்கு ஓடுதா நிக்குதாங்கறத பாத்துட்டு, போன் மாடல், கார் வருஷம், டிவைஸ் லிஸ்ட்ல எத்தன பேர் இருக்கு இதையெல்லாம் எழுதுங்க, அடுத்து என்ன பண்ணலாம்னு பாக்கலாம்.